உணவகம் நடத்தும் டிவி போட்டி: வாசல் பொறுப்பில் இருந்தவனின் அனுபவம்

சமையல் போட்டி வேறு, உணவகம் நடத்தும் போட்டி வேறு. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பிக்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன டிஷ் செய்தீங்க?" என்றுதான். நானும் அக்காவும் ஜோடியாகக் கலந்துகொண்டு, ஓர் இரவு முழுக்க உணவகம் நடத்தும் சுற்றைத் தாண்டினோம். சமையலறை அவள் கையில், வாசலும் மேஜைகளும் என் கையில். நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் வரை வெளியில் எதுவும் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

விண்ணப்பம், அறிமுக வீடியோ எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேர்காணலில் எங்கள் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல்வது நடக்கும்?" கதவுக்கு உள்ளே அக்கா, வெளியே நான் என்று இருவருமே சொன்னோம். ஜோடியாகப் போகிறவர்கள் இதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

தயாராவதற்குப் பழைய நிகழ்ச்சிகளைத் தேடிப் பார்த்தோம். 2007 முதல் 2009 வரை பிபிசி 2-இல் வந்த 'தி ரெஸ்டாரண்ட்' மிகவும் உதவியது. அதில் பிரபல பிரெஞ்சு சமையல் கலைஞர் ரேமண்ட் பிளாங்க் ஜோடி ஜோடியாக ஆட்களைத் தேர்ந்தெடுத்து, நடத்திப் பார்க்கச் சொல்லி உணவகத்தையே கொடுத்துவிடுவார். மூன்றாவது சீசனில் வென்ற ஜேஜே குட்மேன், ஜேம்ஸ் ஹாப்கின்ஸ் இருவரின் பலம் காக்டெயில். அமெரிக்காவின் 'டாப் செஃப்' சமையல் போட்டியில் 'ரெஸ்டாரண்ட் வார்ஸ்' என்றொரு சுற்று உண்டு, போட்டியாளர்கள் அணியாகப் பிரிந்து உணவகம் நடத்த வேண்டும். ஐந்தாவது சீசனில் ஓர் அணிக்குச் சாப்பாட்டில் குறை இருந்தும், விருந்தினர்களை ஃபாபியோ விவியானி கவனித்துக்கொண்ட விதம் பெரிதாகக் கைகொடுத்தது. எதிரணியில் வாசலைக் கவனித்த ராதிகா தேசாய் அன்றே வெளியேறினார். அதைப் பார்த்த பிறகுதான் என் வேலையின் கனம் முழுதாகப் புரிந்தது.

அடுத்து மெனுச் சுற்று. அடுப்பே பற்றவைக்காமல், காகிதத்தில் மட்டும் நடக்கும் சுற்று இது. ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் அடக்க விலை எழுதிக் கொடுக்க வேண்டும். பொருட்செலவு விற்பனை விலையில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. மீதியில்தான் சம்பளம், வாடகை, எரிவாயு எல்லாம். பலர் இடறுவது கழிவுக் கணக்கில். முழு மீன் வாங்கித் தலை, முள், தோல் நீக்கினால் பல வகைகளில் பாதிதான் தேறும், சிலவற்றில் அதுவும் தேறாது. வாங்கிய எடைக்கு விலை போட்டால் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். அக்கா வீட்டிலேயே நிறுத்துப் பார்த்து எழுதியிருந்தாள். நடுவர் அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

டிஷ்களைத் தேர்ந்தெடுத்ததிலும் அக்காவுக்கு ஒரு கணக்கு இருந்தது. மூன்று ஸ்டார்ட்டர், மூன்று மெயின், இரண்டு டெசர்ட். அவ்வளவுதான். மெயின் மூன்றும் மூன்று இடத்தில் தயாராக வேண்டும்: ஒன்று கிரில்லில், ஒன்று ஓவனில், ஒன்று அடுப்பில். எல்லாரும் ஒரே நேரத்தில் மெயின் கேட்டாலும் ஒரே ஆள் மேல் சுமை விழாது. டெசர்ட் இரண்டும் முன்கூட்டியே செய்து குளிரவைப்பவை. ருசியைப் பற்றிப் பேசத் தொடங்கியதே இதற்குப் பிறகுதான்.

உணவகம் நடத்திய அன்று மாலை முதல் சிக்கல் எனக்குத்தான் வந்தது. முன்பதிவைப் பதினைந்து நிமிட இடைவெளியில் பிரித்துவைத்திருந்தேன். ஆனால் தயாரிப்புக் குழு விருந்தினர்களை ஒரே வண்டியில் அழைத்து வந்து இறக்கியது. கேமராவுக்கு உணவகம் நிரம்பித் தெரிய வேண்டும், அவர்கள் பக்கத்து நியாயம் அது. எல்லாரையும் உட்காரவைத்து உடனே ஆர்டர் எடுத்தால், அத்தனை ஆர்டர் சீட்டும் ஒரே நேரத்தில் உள்ளே போய்ச் சமையலறை நின்றுவிடும். அதனால் எல்லாரையும் உட்காரவைத்தேன், தண்ணீரும் குளிர்பானமும் ரொட்டியும் உடனே கொடுக்கச் சொன்னேன். மெனு அட்டையை மட்டும் முறை வைத்துக் கொடுத்தேன். அட்டை கைக்கு வராத மேஜையில் ஆர்டரும் வராது. காத்திருக்கிறவர்களிடம் நானே போய்ப் பேசினேன். கையில் குடிக்க ஏதாவது இருந்து, ஒருவர் வந்து முகம் பார்த்துப் பேசினால், மனிதர்கள் அழகாகக் காத்திருக்கிறார்கள்.

உள்ளே அக்கா கரண்டியைத் தொடவே இல்லை. தட்டுகள் வெளியேறும் மேடையை 'பாஸ்' என்பார்கள். அங்கேயே நின்று ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படித்தாள், ஒவ்வொரு தட்டையும் பார்த்த பிறகே வெளியே விட்டாள். வீட்டில் அவ்வளவு ருசியாகச் சமைக்கிறவள் சமைக்காமல் நிற்பது டிவியில் எடுபடாது என்று படப்பிடிப்புக் குழுவில் ஒருவர் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. அந்த முடிவுக்காக அவளை நான் இன்றும் மெச்சுகிறேன்.

சீட்டில் மேஜை எண்ணோடு இருக்கை எண்ணையும் எழுதச் சொல்லியிருந்தோம். தட்டோடு போகிற பரிமாறுபவர் "மீன் யாருக்கு?" என்று கேட்க வேண்டியதில்லை, பேசிக்கொண்டிருப்பவர்களின் பேச்சும் தடைபடாது. இன்னொன்று, மிச்சக் கணக்கு. "தம்பி, மீன் இன்னும் ஆறுதான்!" என்று அக்கா குரல் கொடுத்ததும், ஆர்டர் எடுப்பவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிடுவேன். இல்லாத ஒன்றை ஆர்டர் எடுத்துவிட்டுத் திரும்பிப்போய் மன்னிப்புக் கேட்கும் நிலை அன்று ஒரு மேஜையிலும் வரவில்லை.

கேமரா விஷயம் சுருக்கமாக. மைக் எப்போதும் இடுப்பில் இருக்கும், சமையலறைச் சூட்டில் அது பெரிய தொல்லை. பேட்டியைப் பிறகு எடுப்பார்கள், அதே உடையில். முடிந்துபோனதை இப்போதுதான் நடக்கிறது என்பதுபோல் சொல்ல வேண்டும்: "ஆர்டர் குவியுது, எனக்குப் பயமா இருக்கு" என்கிற மாதிரி. பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். படத்தொகுப்பு முழுக்க அவர்கள் உரிமை என்று ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கடைசி விருந்தினர் போன பிறகு நடுவர்கள் சமையலறைக்கு வந்தார்கள். தட்டு கழுவும் இடத்துக்குப் போய் மிச்சம் வந்தவற்றைப் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா, சமைத்து மீந்ததை ஆழமில்லாத தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்திருக்கிறோமா என்று பார்த்தார்கள். ருசி பற்றி அதுவரை ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஒருவர் அக்காவிடம் கேட்டார்: "நாளைக்கும் இதே உணவகத்தைத் திறப்பதானால் காலையில் என்ன வாங்குவீர்கள்?" அக்கா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, இருப்பது எவ்வளவு, வாங்க வேண்டியது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். பாதியிலேயே போதும் என்றார்கள். அடுத்த சுற்றுக்கு எங்கள் பெயரை அங்கேயே வைத்துச் சொல்லிவிட்டார்கள்.