தரவைத் தந்தவர் பெயர் எங்கே?

நேற்று ஒரு ஆய்வுக் கட்டுரையின் வரைவு படிக்க வந்தது. "தரவுகள் இணையத்திலிருந்து பெறப்பட்டன" என்று ஒரே வரி. எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு, என்றைக்கு இறக்கியது, யார் சேகரித்தது, எதுவுமே இல்லை. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற தரவுத்தளம் 1971-இல் தொடங்கியபோது அதில் இருந்தவை 7 புரத அமைப்புகள்தான். இன்று 2 லட்சத்துக்கும் மேல். பலவற்றுக்குப் பின்னால், அமைப்பைக் கண்டறியத் தேவையான ஒரு நல்ல புரதப் படிகம் வளர மாதக்கணக்கில் காத்திருந்த யாரோ இருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. 4எச்எச்பி என்றால் ஹீமோகுளோபின். அந்த நாலு எழுத்தையும், அதை முதலில் வெளியிட்ட கட்டுரையையும் குறிப்பிட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

உயிரினப் பதிவுகளுக்கான ஜிபிஐஎஃப் தளத்தில் இன்னும் சுலபம். நாம் இறக்கும் தொகுப்புக்கென்றே தனி டிஓஐ, அதாவது மாறாத அடையாளக் குறியீடு, தருகிறார்கள். அதை மேற்கோள் பட்டியலில் சேர்த்தால், பதிவுகளைத் தந்த எல்லாருக்கும் அந்த மேற்கோள் கணக்கு போய்ச் சேரும். நன்றியுரையில் மட்டும் பெயரைப் போட்டால் பெரும்பாலும் எண்ணிக்கையில் வராது. தரவுத்தளத்துக்கு அடுத்த நிதி கேட்கும்போது காட்ட வேண்டியதே அந்த எண்ணிக்கையைத்தான்.

சரி, வரைவை எழுதியவரிடம் பேசினேன். இன்று காலை திருத்தி அனுப்பிவிட்டார், பதிவிறக்கிய தேதி உட்பட. ரொம்ப சந்தோஷம்.