போனை அணைக்கும் முன் முடிக்க வேண்டிய வேலை

ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை லேடீஸ் சீட் பக்கம் நின்றால் கீழே சேலம் முழுக்கத் தெரியும். அதைப் பார்க்க வந்தவர்களில் பலர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காதைப் பொத்தியபடி, "அந்த லோடு ஏறிருச்சா, பில்லு போட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். உடம்பு மலை ஏறியாயிற்று, மனசு இன்னும் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவை விட்டுக் கிளம்பவில்லை. குடும்பத்தார் காரில் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

இவர்களிடம் "போனை அணைத்து வையுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. அணைத்து வைத்தால் பதற்றம் இன்னும் கூடத்தான் செய்யும். நான் இல்லாத நேரத்தில் இதை யார் பார்ப்பார் என்ற கேள்விக்கு அலுவலகத்தில் பதில் இல்லாதபோது, அந்தக் கேள்வியைத் தலையில் சுமப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் ஓய்வுக்கான வேலை மலையில் தொடங்குவதில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, அலுவலக மேசையில் தொடங்குகிறது.

முதலில் ஒரு வாரம், வேலை நேரம் முடிந்த பிறகு வரும் ஒவ்வொரு அழைப்பையும் குறித்து வையுங்கள். யார் அழைத்தார், என்ன கேட்டார், அந்த விஷயம் பகலில் எத்தனை மணிக்கே தெரிந்திருக்கும் என்ற மூன்று குறிப்புகள் போதும். மூன்றாவதுதான் முக்கியம். உண்மையான அவசரம் எவ்வளவு குறைவு என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும்.

சரக்கு அனுப்பும் இடங்களில் அடிக்கடி வருவது இ-வே பில் அழைப்பு. சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. விதிப்படி எடுக்கும் மின்னணுச் சீட்டு இது, குறிப்பிட்ட கெடு வரைதான் செல்லும். "அண்ணே, பில்லு டைம் முடியப் போகுது, வண்டி இன்னும் கிருஷ்ணகிரி தாண்டல." சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது 2021 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள கணக்கு. அந்தக் கெடு நள்ளிரவில் முடிகிறது. கெடு முடிய 8 மணி நேரம் இருக்கும்போதிருந்து, முடிந்து 8 மணி நேரம் ஆகும் வரை நீட்டிக்கலாம். அதாவது மாலை 4 மணிக்கே வழி திறந்துவிடுகிறது. தினமும் நாலேகாலுக்கு ஒருவர் உட்கார்ந்து, இன்று நள்ளிரவு முடியும் பில்கள் எவை என்று எடுத்து, டிரைவர்களிடம் வண்டி நிற்கும் இடத்தையும் தாமதத்துக்கான காரணத்தையும் கேட்டு, தேவையானதை நீட்டித்துவிட்டால் ராத்திரி பதினொரு மணி அழைப்பில் பெரும்பகுதி நின்றுவிடும். நீட்டிக்க வேண்டியது டிரான்ஸ்போர்ட்டரா, சரக்கு அனுப்பியவரா என்பதை வண்டி கிளம்பும்போதே பேசி வைக்க வேண்டும். இதைப் பேசாமல் விடுவதால்தான் நடுராத்திரியில் இரண்டு பக்கமும் சண்டை வருகிறது. மூச்சுப் பயிற்சி எதுவும் இந்தச் சண்டையைத் தீர்க்காது. இதற்கு மருந்து அந்த நாலேகால் மணி மட்டுமே.

வெள்ளி வியாபாரத்தில் சிக்கல் வேறு மாதிரி. வெள்ளி விலை ஏறி இறங்கும் எம்.சி.எக்ஸ். என்ற பண்டச் சந்தை இரவு 11.30 வரை, அமெரிக்காவில் குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் 11.55 வரை ஓடும். வெள்ளிக் கட்டி வாங்கிக் கொலுசு செய்யும் பட்டறைக்காரர் சாப்பிடும்போதும் விலையைப் பார்ப்பது இதனால்தான். பார்க்காதே என்று சொன்னால் நடக்காது. இந்த விலைக்கு வந்தால் இத்தனை கிலோ எடுங்கள் என்று கட்டி விற்கும் வியாபாரியிடம் மாலையே சொல்லி, எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். முடிவு எடுத்த பிறகு விலையைப் பார்ப்பது வெறும் பழக்கம்தான். பழக்கத்தை விட முடியும், எடுக்காத முடிவை விட முடியாது.

அடுத்து ஒப்படைப்பு நோட்டு, அதாவது நாம் இல்லாத நேரத்தில் வேலையைப் பார்க்கும் இரவுப் பொறுப்பாளருக்கு எழுதி வைக்கும் குறிப்பு. கிளம்ப 15 நிமிடம் இருக்கும்போது எழுத வேண்டும். கிளம்பும் நேரத்தில் எழுதினால் கிறுக்கலாகத்தான் வரும். "ஈரோடு பார்ட்டி பார்க்கணும்" என்பது ஒப்படைப்பு ஆகாது. படிப்பவருக்கு ஒன்றும் புரியாது, எழுதியவருக்குத்தான் போன் வரும். இப்படி இருக்க வேண்டும்: "ஈரோடு பார்ட்டி, 40 பண்டல், லாரி புக்கிங் ஆச்சு. எல்.ஆர். (லாரி ரசீது) நம்பர் காலையில் வரும். ராத்திரி கேட்டால், காலை பத்தரைக்குத் தருகிறோம் என்று சொல்லவும். பார்ட்டியிடமும் இதைச் சொல்லியாயிற்று." கடைசி வரிதான் நிம்மதி தருவது. கேட்கப் போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் கேட்கவே மாட்டார். ஒரு நாளுக்கு ஆறேழு வரிக்கு மேல் வந்தால், வேலை ஒருவர் தலையில் குவிந்திருக்கிறது என்று பொருள். அதை முதலாளியிடம் அந்த நோட்டைக் காட்டியே பேசலாம்.

இதற்குப் பிறகுதான் போனுக்கு வர வேண்டும். இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் அலுவலக சிம்மை மட்டும் அணைத்துவிட்டு, வாட்ஸ்அப் ஏன் இன்னும் வருகிறது என்று கேட்பார்கள். வாட்ஸ்அப் இணையத்தில் ஓடுவது, சிம் அணைந்தாலும் செய்தி வரும். குரூப்பை மியூட் செய்தாலும் உங்கள் பெயரைக் குறித்து யாராவது போட்டால் அறிவிப்பு வரலாம். எனவே மியூட்டை மட்டும் நம்பாமல் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பை இரவு 9 முதல் காலை 6 வரை தானாக ஓடும்படி வையுங்கள். வீட்டார், வயதான பெற்றோர், அன்றைய இரவுப் பொறுப்பாளர் ஆகியோரின் எண்களை மட்டும் விதிவிலக்காகச் சேருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒருவரே 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் மணி அடிக்கவிடும் வசதியும் உண்டு. ஆஸ்பத்திரி போன்ற அவசரத்துக்கு அது போதும். ஆனால் இதை அலுவலகத்தில் சொல்லிவிடாதீர்கள், எல்லோரும் இரண்டு முறை அழைக்கப் பழகிவிடுவார்கள். போனைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு, அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் வாங்குங்கள். படுக்கையருகே போன் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் அலாரம்தான்.

மூச்சுப் பயிற்சிக்கு இப்போது இடம் உண்டு. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை ஆறாகக் குறைக்க வேண்டும். நான்கு எண்ணி மூக்கு வழியே உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். வெளிமூச்சின்போது, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் வேலை கூடி இதயத்துடிப்பு சற்று இறங்குகிறது. வெளிமூச்சை நீட்டச் சொல்வது அதனால்தான். பலர் செய்யும் தவறு, மெதுவாக என்பதை ஆழமாக என்று எடுத்துக்கொண்டு நெஞ்சு நிமிர இழுப்பது. அப்படி இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரக்கும். பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவார்கள். அளவான மூச்சு, வேகம் மட்டும் குறைவு, அவ்வளவுதான். தொப்புளுக்கு மேல் கையை வைத்தால் கை மெல்ல எழுந்து இறங்க வேண்டும். எண்ணும்போது மனம் ஓடினால் ஓடியதைக் கவனித்துத் திரும்பி வருவதே பயிற்சி. ஓடாமல் இருப்பது இலக்கு அல்ல.

கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பவரைப் பார்த்தால் இந்தக் கவனம் என்னவென்று தெரியும். கொலுசின் கண்ணிகளை இணைக்கும் பற்றுப்பொடி, வெள்ளியை விடக் குறைந்த சூட்டில் உருகும். பொடி பளபளவென்று ஓடும் அந்த நொடியில் தீயை எடுக்க வேண்டும். தாமதித்தால் கண்ணியே உருகிவிடும். வேலையே அவரை அந்த நொடிக்கு இழுத்து வருகிறது. கம்ப்யூட்டர் முன் உட்காருபவரை அப்படி இழுக்க எதுவும் இல்லை. அவர் தானாக ஓர் இடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பில்லும் அச்சாகி வரும் நேரத்தில் திரையைப் பார்க்காமல், இரண்டு பாதமும் தரையில் படுவதை உணர்ந்து மூன்று மூச்சு விடலாம். பிரிண்டர் நாள் முழுக்க நினைவூட்டிக்கொண்டே இருக்கும். மாலைக் காபியையும் கவனிக்க வேண்டும். காபியில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையப் பலருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக் காபியில் பாதி பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கவலையால் தூக்கம் வரவில்லை என்று நினைப்பவர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் காபியை விட்டுப் பார்க்கலாம்.

இத்தனையும் அமைந்தவர்களுக்கு ஏற்காடு உண்மையாகவே உதவும். சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்தை விட ஏறக்குறைய 1,200 மீட்டர் மேலே. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் சேலத்தை விட ஏறக்குறைய எட்டு டிகிரி குளிர்ச்சி. முடிந்தால் வார நாளில் போங்கள். மே மாதக் கோடை விழா சமயம் ஓய்வுக்கு ஏற்றதல்ல. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நீங்களே ஓட்டிக்கொண்டு ஏறினால் கை, தோள் இறுகித்தான் மேலே சேரும். பஸ்ஸில் போவது நல்லது. ஏரிக்கரைக் கூட்டத்தை விட்டு, காபித் தோட்டங்களை ஒட்டிய ஊர்ச் சாலை ஒன்றில் 40 நிமிடம் நடங்கள். போன் ஏரோபிளேன் மோடில், பையின் அடியில் இருக்கட்டும். முதல் கால் மணி நேரம் கை தானாகச் சட்டைப்பையைத் தடவும், மணி அடிக்காமலே அடித்த மாதிரி இருக்கும். அதைத் தோல்வி என்று எண்ணித் திரும்பிவிட வேண்டாம். சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி, பாதத்தடியில் சருகு, காற்றின் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கவனித்தபடி நடந்தால் அது தானாக அடங்கும். படம் எடுக்க என்று போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை காலை வாட்ஸ்அப்பைத் திறக்கும் முன் ஒப்படைப்பு நோட்டைப் படியுங்கள். நோட்டில் முடிந்துபோன விஷயத்துக்குக் குரூப்பில் நூறு செய்தி கிடக்கும், அவற்றை வரிசையாகப் படித்தால் இரண்டு நாள் ஓய்வு அரை மணியில் கரைந்துவிடும். இவ்வளவு செய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி குறைந்து, எதிலும் பிடிப்பு இல்லாமல் இருந்தால் அது வேலைச் சுமை மட்டுமல்ல. 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில், இரவுப் பொறுப்பாளர் எண்ணுக்குக் கீழே எழுதி வையுங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருந்தால் தேவைப்படுபவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.