மாமாவும் வீட்டுக் கணினியும்: பிப்ரவரி குறிப்புகள்

3 பிப்ரவரி 2025, திங்கள்

தையல் வகுப்பு முடிந்து வந்து சைக்கிளை உள்ளே தள்ளும்போதே அந்தச் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் மாதிரி அலறல், நடுநடுவே ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். கூடத்தில் மாமா கணினி முன்னால் நின்றுகொண்டிருந்தார், காதில் போன். திரை முழுக்க நீலம், நடுவில் சிவப்புப் பெட்டி. வைரஸ் புகுந்துவிட்டது, வங்கி விவரம் திருடு போகிறது, கணினியை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். மாமா கூப்பிட்டுவிட்டார். அந்தப் பக்கம் இந்தியும் ஆங்கிலமுமாக ஒருவன் ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். "மருமக வரட்டும், மருமக வரட்டும்" என்று மட்டும் இவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். போனை வாங்கித் துண்டித்தேன்.

எஸ்கேப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்ததும் முழுத்திரை விலகியது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் குரோமை முடித்தேன். மறுபடி திறந்தபோது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டது. மீட்டால் அதே பக்கம்தான் வரும், வேண்டாமென்று மூடினேன்.

அலறல் நின்றும் மாமாவின் கை நடுக்கம் நிற்கவில்லை. உர பில்லின் பின்பக்கம் அந்த எண்ணை எழுதி வைத்திருந்தார். கடைசி இரண்டு இலக்கம் கோணிப் போயிருந்தது. "நம்ம கணக்குல உள்ளதெல்லாம் போயிட்டாம்மா?"

போகலை மாமா. அது ஒரு வலைப்பக்கம், அவ்வளவுதான். ஒரு வலைப்பக்கத்தால் நம் கணினிக்குள் தேடி வைரஸ் எண்ணிச் சொல்ல முடியாது. தங்கள் எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது என்று விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. நம்பர் போட்டிருந்தால் அது பொய் எச்சரிக்கைதான்.

4 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் பார்த்தால் கணினியின் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கி, மேலே துண்டு போட்டு மூடியிருந்தார் மாமா. கிட்டவே வரவில்லை. வாசத் திண்ணையில் உட்கார்ந்து வயல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு மா நிலத்தை வைத்து முப்பது வருஷம் குடும்பம் நடத்திய மனிதர், ஒரு பொய்த் திரைக்குக் கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

மெதுவாகக் கேட்டேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குப் பதிவு போட சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் வேண்டுமே, நாலையும் ஒரே பிடிஎஃப் ஆக்கத் தேடியிருக்கிறார். ஒரு தளத்தில் பெரிய பச்சைப் பொத்தான். அழுத்தியதும் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் கொடுங்கள்" என்று வந்திருக்கிறது. கொடுத்துவிட்டார். அந்த அலவ் ரோபோவுக்கானதே இல்லை. எப்போது வேண்டுமானாலும் நம் திரைக்கு அறிவிப்பு அனுப்பலாம் என்று அந்தத் தளத்துக்கு நாம் எழுதிக்கொடுக்கும் அனுமதி.

கணினியைப் போட்டதும் வலது கீழ் மூலையில் பெட்டி பெட்டியாக வந்தது. "5 வைரஸ்", "பாதுகாப்புச் சந்தா முடிந்தது". ஒரு பெட்டியைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் ஆன்டிவைரஸ் பெயர், கேடயப் படம். அதற்கடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் குரோம் என்றும், அதையொட்டி வாயில் நுழையாத ஒரு தள முகவரியும். அனுப்பியவன் விலாசம் அதிலேயே இருந்தது.

குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற பட்டியலில் முன்பின் தெரியாத மூன்று தளங்கள். மூன்றையும் பிளாக் செய்தேன். இனி எந்தத் தளமும் இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்றும் மாற்றி வைத்தேன். பெட்டிகள் நின்றன.

5 பிப்ரவரி, புதன்

பெட்டி நின்றதே தவிர, தேடும் பக்கம் இன்னும் வேறாக இருக்கிறது. எதைத் தேடினாலும் முதலில் நாலைந்து விளம்பரம். கடைத்தெருவில் கேட்டதற்கு எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் போட்டுவிடலாம் என்கிறார்கள். கல்யாணப் படங்கள், என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் போன பத்திரங்கள், எல்லாம் அதில்தான். முதலில் அவற்றை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தேன். ஃபார்மட்டை அப்புறம் பார்க்கலாம்.

குரோமோடு ஒட்டிக்கொண்டு ஓடும் சின்ன மென்பொருளுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். அந்தப் பட்டியலில் பிடிஎஃப் பெயரில் ஒன்று. அதை நீக்கும் பொத்தானே வேலை செய்யவில்லை. மெனுவின் கடைசியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி. எங்கள் வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்? ஆபீஸ்களில் ஊழியர்களின் குரோமைக் கட்டுப்படுத்த பாலிசி என்று ஒரு வசதி உண்டு. அதை இந்தத் திருட்டு மென்பொருள் எடுத்துக்கொண்டு, தன்னை யாரும் நீக்க முடியாதபடி பூட்டிவிடுகிறது.

விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்கினேன். வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டிய எக்ஸ்டென்ஷன் என்ற பட்டியலில் ஒரே ஒரு வரி, 32 எழுத்தில். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் இருந்த அதே 32 எழுத்து. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டேன். ரெஜிஸ்ட்ரியில் தப்பாக ஒன்றை அழித்தால் விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம், அதனால் முதலில் அதன் நகலை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் அழித்தேன். கணினியை மறுபடி தொடங்கியதும் நீக்கும் பொத்தான் வேலை செய்தது.

6 பிப்ரவரி, வியாழன்

ஆப்ஸ் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கினால், மாமா அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்திய அன்று மூன்று மென்பொருள் ஏறியிருக்கிறது. மூன்றையும் நீக்கினேன். டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் படத்தின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், டார்கெட் வரியின் கடைசியில் ஒரு தள முகவரியை ஒட்டவைத்திருந்தார்கள். அதையும் வெட்டினேன்.

அப்படியும் மணிக்கொரு தரம் குரோம் தானாகத் திறந்துகொண்டது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரில் பார்த்தேன். அப்டேட் என்று நல்லபிள்ளைப் பெயரில் ஒரு வேலை: கணினி தொடங்கும்போதும், பிறகு ஒவ்வொரு மணிக்கும், குரோமை இன்ன முகவரியோடு திற. அழித்தாயிற்று. நடுவில் கரண்ட் போய் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன்.

8 பிப்ரவரி, சனி

விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் போட்டேன். விண்டோஸ் முழுசாக எழுவதற்கு முன்பே தேடுவதால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்வதும் இதில் மாட்டும். கால் மணி நேரம்தான். அப்புறம் ஆட்வ்கிளீனர். 2016-ல் மால்வேர்பைட்ஸ் வாங்கிய இலவசக் கருவி, விளம்பர மென்பொருளை எடுப்பதற்கென்றே உள்ளது. மால்வேர்பைட்ஸ் தளத்துக்கே போய் இறக்க வேண்டும். இதே பெயரில் போலிகளும் உலவியிருக்கின்றன. பயந்துபோய் மருந்து தேடுகிறவனுக்கும் பொறி வைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம். மிச்சம் மீதி ஏழு எட்டு கோப்பு கிடைத்தது, ஒதுக்கிவைத்துவிட்டது.

10 பிப்ரவரி, திங்கள்

திரும்ப வந்துவிட்டது. அதே பிடிஎஃப் எக்ஸ்டென்ஷன், அதே தேடல் பக்கம். பாலிசி காலி, ஷெட்யூலர் சுத்தம், ஸ்கேனில் ஒன்றுமில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

மாமா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வரப்புல நண்டு வளைய எந்தப் பக்கம்மா அடைப்ப? தண்ணி ஒழுவுற பக்கம் மண்ணப் போட்டா நிக்காது. உள்ள வாங்குற வாயக் கண்டுபுடிச்சு மிதிக்கணும்."

உள்ளே வாங்குகிற வாய். கணினியில் இல்லையென்றால் வேறு எங்கே? குரோமில் உள்நுழைந்திருக்கும் கணக்கு! கும்பகோணத்தில் நாத்தனார் லேப்டாப்பிலும் இதே கணக்குதான், பொங்கலுக்குப் படம் பகிர்வதற்காகப் போட்டது. ஒரே கணக்கு உள்ள கணினிகளை ஒன்றுபோல வைக்கும் சிங்க் இருந்தால் ஓரிடத்தில் ஏறும் எக்ஸ்டென்ஷன் மற்ற இடத்துக்கும் போகும். இங்கிருந்து அங்கே போயிருக்கிறது, இங்கே நீக்கியபின் அங்கிருந்து திரும்பி வந்திருக்கிறது. நாத்தனாருக்கு வீடியோ கால் போட்டு அங்கே நீக்கச் சொன்னேன். சிங்க்கில் எக்ஸ்டென்ஷனை மட்டும் நிறுத்தினேன். இங்கேயும் நீக்கினேன்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வாரத்துக்கப்புறம்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். அத்தை சுவாமிமலை போய் வந்தார்கள். கணினி நாள் முழுக்கச் சும்மா இருந்தது, ஒரு பெட்டியும் வரவில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை போனிலிருந்து மாற்றினேன். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் அந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டிருக்க வேண்டும், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும். உர பில்லில் இருந்த எண்ணை வைத்து தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்தோம். எண்ணை மாமாவே வாசித்துச் சொன்னார்.

சாயங்காலம் பிடிஎஃப் வேலையை அவரே முடித்தார். நாலு தாளையும் போனில் ஸ்கேன் எடுத்தாலே ஒரே கோப்பாக வந்துவிடுகிறது, அந்தத் தளம் தேவையே இல்லை. பதிவும் போட்டாயிற்று. அறுப்பு மிஷின் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அறுப்புக்கு முன்பே நெல்லுக்கு நடுவே தெளித்த உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது, மிஷின் சக்கரத்தில் எவ்வளவு மிஞ்சுமோ என்ற கவலைதான் இப்போது அவருக்கு.

வரும் அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நிற்கிறது. இந்தப் பழைய கணினி 11-ஐத் தாங்காது. அவரிடம் பேச வேண்டும். மார்ச் 12 மாசி மகத்துக்குக் கும்பகோணம் போகும்போது நாத்தனார் லேப்டாப்பின் ஷெட்யூலரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.