அப்போதைக்கு இப்போதே

"ரேகை விழலை பாட்டி, இன்னொரு தரம் வைங்க."

வங்கியில் இன்று உயிர்வாழ் சான்றுக்காக ஒரு பாட்டி கட்டைவிரலைக் கருவியில் வைக்கிறார், எடுக்கிறார், புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். விரல் நுனி வழவழவென்று இருக்கிறது. எத்தனை வருஷம் பாத்திரம் தேய்த்த கையோ!

பக்கத்தில் நின்ற எனக்குத்தான் பதற்றம். அவர் சிரித்துக்கொண்டே "ரங்கநாதனுக்கு என்னைத் தெரியும், இதுக்குத் தெரியலைன்னா போகட்டும்" என்றார்.

கடைசியில் முகத்தைப் படம் பிடித்து முடித்துக் கொடுத்தார்கள்.

வண்டியை எடுக்கும்போது பெரியாழ்வார் நினைவுக்கு வந்தார். "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன், அரங்கத்து அரவணைப் பள்ளியானே" என்ற அந்த அடி.

முதலையிடம் மாட்டிய யானைக்காவது கூப்பிடத் தெம்பு இருந்தது. ஆழ்வாருக்கு அந்த நம்பிக்கைகூட இல்லை. தளர்ச்சி வந்து நலியும்போது உன்னை நினைக்கவே எனக்கு முடியாது, அதனால் புத்தி தெளிவாக இருக்கும் இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் உன் பாடு என்கிறார். என்ன உரிமை பாருங்கள்!

இதற்குப் பதில் மாதிரியே வராக சரம சுலோகத்தில், அதாவது வராக அவதாரத்தில் தந்த அடைக்கல வாக்கில், பெருமாள் பேசுகிறார்: உடம்பு திடமாக இருக்கும்போது என்னை நினைத்தவன் கட்டையாய், கல்லாய்க் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன்.

முதுமைக்கென்று எதையெதையோ சேர்த்து வைக்கிறோம், சரி, வேண்டியதுதான். ஆனால் மறதி வந்துவிட்டால் அந்தப் பாஸ்புக் எங்கே இருக்கிறதென்றே நமக்குத் தெரியாதே.