ஒரே பிள்ளை, மூன்று புத்தகம்: ஏடிஹெச்டி உண்டா, இல்லையா?

நோட்டைத் தொலைக்கிற, பாதியில் விட்டுவிடுகிற, ஆனால் இடத்தை விட்டு அவ்வளவாக எழாத ஒரு பிள்ளை. கவனக்குறைவில் 7 அறிகுறி, துறுதுறுப்பில் 2, அவசரப்படுவதில் 0 என்று வைத்துக்கொள்வோம். மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இது ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு), அதில் கவனக்குறைவு மேலோங்கிய வகை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10இல், ஏடிஹெச்டிக்கு இணையான எஃப்90 குறியீடு கிடைக்காது. எஃப்98.8 என்ற 'இதர' கணக்கில்தான் எழுத முடியும்.

இரண்டிலும் அறிகுறிகள் என்னவோ அதே 18தான். கூட்டுகிற விதம் வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 (2013) அவற்றை 9, 9 எனப் பிரித்து, ஏதாவது ஒன்றில் 6 கேட்கிறது. 17 வயதிலிருந்து 5 போதும். ஐசிடி-10இன் ஆய்வு அளவுகோல் மூன்றாகப் பிரிக்கிறது: கவனக்குறைவில் 9க்கு 6, துறுதுறுப்பில் 5க்கு 3, அவசரத்தில் 4க்கு 1. மூன்றும் தேறியாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 6, 3, 1 எடுத்த பிள்ளைக்கு ஐசிடி-10இல் எஃப்90 கிடைத்துவிடும். டிஎஸ்எம்-5இல் துறுதுறுப்பும் அவசரமும் ஒரே பிரிவு, அதில் 3+1=4தான். ஆகவே இரண்டு பிரிவிலும் 6 கேட்கும் 'கலந்த வகை' ஆகாது, கவனக்குறைவு வகைதான். இருந்தும் மொத்தத்தில் ஐசிடி-10தான் கறார். பதற்றம், மனச்சோர்வு நோய் இருந்தாலே ஒதுக்கிவிடச் சொல்லும். ஏடிஹெச்டி சிகிச்சை பற்றிய அமெரிக்காவின் எம்டிஏ ஆய்வில், முந்தைய பதிப்பான டிஎஸ்எம்-4படி கலந்த வகை என்று சேர்த்த 579 பிள்ளைகளில், ஐசிடி-10க்குப் பொருந்தியவர்கள் சுமார் நாலில் ஒரு பங்குதான்.

மூன்றாவது புத்தகம், 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11. அதன் ஏடிஹெச்டி பிரிவு (குறியீடு 6ஏ05) எண்ணிக்கையையே கைவிட்டுவிட்டது. கவனக்குறைவு மட்டும் இருந்தாலும் ஏற்கிறது. பல அறிகுறிகள், 6 மாதமாவது, 12 வயதுக்கு முன்பே, பல சூழல்களில் என்று கேட்டு, மீதியை மருத்துவர் கணிப்புக்கு விடுகிறது. அனுபவசாலி கையில் இது நல்லதுதான். நெரிசலான ஓபியில் எனக்கு நம்பிக்கை குறைவு.

வயதிலும் வம்பு உண்டு. டிஎஸ்எம்-4இல் 7 வயதுக்கு முன்பே பாதிப்பு இருந்திருக்க வேண்டும். டிஎஸ்எம்-5க்கு 12க்கு முன் சில அறிகுறிகள் இருந்தாலே போதும்.

ஆகவே ரிப்போர்ட்டில் வெறும் 'ஏடிஹெச்டி' என்று மட்டும் இருந்தால், எந்தப் புத்தகம், ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை, டீச்சர் படிவமும் வாங்கினார்களா என்று கேளுங்கள். அம்மா நிரப்பிய படிவம் மட்டும் என்றால் வீடு தெரியும், வகுப்பு தெரியாது. 'ஆட்டிசம் இருப்பதால் ஏடிஹெச்டி இல்லை' என்று முடித்த பழைய ரிப்போர்ட்டையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தடையை டிஎஸ்எம் 2013இலேயே எடுத்துவிட்டது.