டிஸ்க் ஷெட்யூலரைக் கடைசியில் தொடுங்கள்

டெபியன் 12 லினக்ஸ், கெர்னல் 6.1, நினைவகம் 16 ஜிபி, 7200 ஆர்பிஎம் சாட்டா ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதே டிஸ்கில் இரவு பேக்கப் எழுதிக்கொண்டிருக்கும்போது சிறு வாசிப்புகள் சில சமயம் அரை வினாடிக்கு மேல் தொங்கின. சராசரி நேரம் மோசமில்லை. தொந்தரவு தந்தது நூற்றில் ஒன்றிரண்டு வாசிப்புகள்தான். அவற்றைச் சரிக்கட்டியபோது எடுத்த குறிப்புகள் இவை.

முதலில் கணக்கு. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கும். சராசரியாக அரைச் சுற்று, 4.2, ஹெட் நகர 8 அல்லது 9. ஆக, சிதறிக் கிடக்கும் ஒரு கோரிக்கைக்கு 12 முதல் 13 மில்லிவினாடி, வினாடிக்கு 80 சொச்சம். இதற்குக் கீழே எந்த ஷெட்யூலராலும் (டிஸ்குக்குப் போகும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் கெர்னல் பகுதி) போக முடியாது. நம் கையில் இருப்பது ஒரு கோரிக்கைக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது மட்டுமே.

அளவிட ஃபியோ என்ற சோதனைக் கருவி போதும்: 4 கேபி ரேண்டம் ரீட், ஐஓ-டெப்த் 1 (ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை), டைரக்ட் 1 (கேஷைத் தவிர்த்து). சோதனைக் கோப்பு 100 ஜிபியாவது இருக்கட்டும். 1 ஜிபி கோப்பில் ஹெட் அதிகம் நகராது, முடிவு பொய்யாக அழகாக வரும். ஓட்டும் நேரமும் முக்கியம். ஒரு நிமிடத்துக்கு 4,800 வாசிப்புகள்தான் கிடைக்கும். அதில் 99.9 சதமானம் என்பது மிச்சமுள்ள ஐந்து வாசிப்புகளின் கதை, நம்ப முடியாது. எழுதும் சுமை வந்தால் இன்னும் குறையும். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். கூடவே இன்னொரு ஃபியோ எழுதிக்கொண்டிருக்கட்டும். சும்மா கிடக்கும் டிஸ்கில் ஷெட்யூலரைச் சோதிப்பதில் அர்த்தமில்லை.

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். எம்க்யூ-டெட்லைன் என்ற ஷெட்யூலரில் ரீட்-எக்ஸ்பயர் என்ற அமைப்பை 500 மில்லிவினாடியிலிருந்து 50 ஆக்கினோம். நிலைமை மோசமானது. பெயரைப் பார்த்தால் 50 மில்லிவினாடிக்குள் முடித்துத் தருவேன் என்று உறுதி கொடுப்பதுபோல இருக்கிறது. உண்மையில் அது வெறும் கெடு. கெடு தாண்டிய கோரிக்கை இருந்தால், அடுத்த தொகுதியை அங்கிருந்து தொடங்கும், அவ்வளவுதான். 16 வாசிப்புகள் காத்திருந்தால் கடைசி ஆளுக்கு எப்படியும் 200 மில்லிவினாடி ஆகும். கெடு 50 என்றால் முக்கால்வாசிப் பேர் கெடு தாண்டியவர்களே. செக்டர் வரிசை குலைந்து, வந்த வரிசையில் ஹெட் அங்குமிங்கும் அலையும், எல்லாமே மெதுவாகும். மறுபடி 500-க்கே திரும்பினோம்.

அடுத்து ரைட்ஸ்-ஸ்டார்வ்ட்: எழுதலைக் காக்கவைத்து எத்தனை வாசிப்புத் தொகுதிகளை முன்னால் விடலாம் என்ற எண். 2-லிருந்து 8 ஆக்கியும் பலனில்லை. காரணம் புரியக் கொஞ்ச நேரமானது. வாசிப்பும் எழுதலும் க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) நிற்கும்போது மட்டுமே அந்த எண்ணுக்கு வேலை. ஒரே ஒரு ஆள், ஒவ்வொன்றாக வாசிக்கிறான் என்றால், ஒன்று முடிந்து அடுத்தது வரும் இடைவெளியில் வாசிப்பு க்யூ காலி. அந்த நொடியில் எழுதுதல் தொகுதி உள்ளே நுழைந்துவிடும். தொகுதியின் அளவு ஃபிஃபோ-பேட்ச், இயல்பாக 16. பதினாறு சிதறிய எழுதல்கள் என்றால் 200 மில்லிவினாடி. அதை 2 ஆக்கினோம். வித்தியாசம் தெரிந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

ஏனென்றால் டிஸ்குக்குள்ளேயே இன்னொரு க்யூ இருக்கிறது. என்சிக்யூ எனப்படும் அது 32 கோரிக்கைகள் வரை வாங்கி வைத்துக்கொண்டு, எதை முதலில் முடிப்பது என்று தானே முடிவெடுக்கும். கவுண்டருக்கு வெளியே வரிசையை எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும் உள்ளே ஏற்கெனவே 32 பேர் போயாயிற்று. 32 எழுதல்களை 12-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 400 மில்லிவினாடி. நாங்கள் கண்ட அரை வினாடியின் பெரும்பகுதி இங்கே. சிஸ்-எஃப்எஸ்ஸில் (கெர்னல் அமைப்புகள் கோப்புகளாகத் தெரியும் இடம்) அந்த டிஸ்கின் டிவைஸ் கோப்பகத்துக்குள் இருக்கும் க்யூ-டெப்த் கோப்பில் 4 என்று எழுதினோம். இதன் பிறகுதான் ஃபிஃபோ-பேட்ச் முழுதாக வேலை செய்தது. 1 என்று போட்டால் என்சிக்யூவே அணைந்துவிடும். சுழற்சியைப் பார்த்து டிஸ்க் தானே செய்யும் ஒழுங்கமைப்பும் போகும், எழுதும் வேகமும் குறையும். 4 சமரசம்.

மூன்றாவது க்யூ நினைவகத்தில். டர்ட்டி-பேக்கிரவுண்ட்-ரேஷியோ இயல்பில் 10 சதவீதம்; 16 ஜிபி இயந்திரத்தில் ஒன்றரை ஜிபி போல அழுக்குப் பக்கங்கள் (இன்னும் டிஸ்குக்குப் போகாத எழுதல்கள்) சேர்ந்த பிறகு மொத்தமாகக் கொட்டும். சதவீதத்துக்குப் பதில் பைட் கணக்கில், பேக்கிரவுண்ட் 64 எம்பி (67108864), மேல்வரம்பு 256 எம்பி (268435456) வைத்தோம். பைட் அளவு எழுதினால் சதவீதம் தானாகவே பூஜ்ஜியமாகும், பயப்பட வேண்டாம். கொட்டுவது நிற்காது, ஆனால் சிறு சிறு வாளியாக வரும். பின்னணி எழுதல்களை மட்டுப்படுத்தும் டபிள்யூபிடி-லாட்-யூசெக் கோப்பையும் பாருங்கள்: சுழலும் டிஸ்குக்கு இயல்பு மதிப்பு 75000 மைக்ரோவினாடி. அது 0 என்றால் எழுதல்களைக் கட்டுப்படுத்தும் காவலாளி அங்கே இல்லை.

பேக்கப்புக்கு ஐயோ-நைஸ் (டிஸ்க் முன்னுரிமையை மாற்றும் கட்டளை) போடலாமே என்பார்கள். எம்க்யூ-டெட்லைன் அந்த முன்னுரிமையை மதிப்பது கெர்னல் 5.14-லிருந்துதான். அதிலும், கேஷ் வழியாக எழுதுவதை டிஸ்குக்கு அனுப்புவது பேக்கப் புரோகிராம் இல்லை, கெர்னலின் எழுதும் இழை. முன்னுரிமை அதோடு பயணிக்காது. டெஸ்க்டாப் என்றால் பிஎஃப்க்யூ என்ற இன்னொரு ஷெட்யூலர் நல்ல தேர்வு என்பது எங்கள் எண்ணம். சர்வரில் டெட்லைன் போதும்.

எதைச் செய்தாலும் அசையாத டிஸ்குகளும் உண்டு. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதி, அதைத் தானே நிர்வகிக்கும் எஸ்எம்ஆர் வகை தன் உள்வேலையை முடிக்கும்வரை வினாடிக்கணக்கில் நிற்கும்; அது கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. டிஸ்க் போக்குவரத்தைக் காட்டும் ஐஓஸ்டாட்டில் எழுதுதலே இல்லாதபோதும் வாசிப்பு இழுத்தால் முதலில் டிஸ்கின் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள், அமைப்புகளில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ரீபூட்டுக்குப் பிறகும் ஷெட்யூலர் அமைப்புகள் நிலைக்க, யுடெவ் (சாதனம் தெரிந்ததும் அமைப்புகளைப் போடும் லினக்ஸ் சேவை) விதி எழுதுங்கள். பழைய வழிகாட்டிகள் சொல்லும் எலிவேட்டர் பூட் அளவுரு, கெர்னல் 5.0-இல் பழைய ஷெட்யூலர்கள் நீக்கப்பட்டதோடு பயனற்றுப்போனது. விதியில் ஷெட்யூலர் பெயர் முதலில், ஃபிஃபோ-பேட்ச் பிறகு. ஷெட்யூலரை மாற்றிய கணமே அதன் உள்மதிப்புகள் எல்லாம் இயல்புக்குத் திரும்பிவிடும். யாரோ சோதனைக்காக பிஎஃப்க்யூவுக்கு மாறித் திரும்பியிருந்தால் உங்கள் 2 மறுபடி 16 ஆகியிருக்கும். எம்டி ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாக இணைக்கும் லினக்ஸ் மென்பொருள்) இருந்தால் எம்டி சாதனத்தில் அல்ல, அதற்கு அடியிலுள்ள ஒவ்வொரு டிஸ்கிலும் தனித்தனியாக வைக்க வேண்டும்.