பழைய ஜிப்சியின் சேசிஸ் துரு: தட்டியும் குத்தியும் பார்த்த பிறகு

திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் நிற்கும் 2004-ஆம் ஆண்டு மாருதி ஜிப்சியின் அடிப்பாகத் துருவைத் தை மாதத்திலிருந்து சரிசெய்து வருகிறேன். இந்த வண்டியின் பாடி, ஏணி வடிவச் சேசிஸின் (வண்டியின் முழு எடையையும் தாங்கும் இரும்புச் சட்டத்தின்) மேல் ரப்பர் புஷ்கள் வைத்துப் பொருத்தப்பட்டது. பாடித் தகடு ஓட்டையானால் டிங்கரிங் வேலையோடு போய்விடும். சேசிஸ் வலுவிழந்தால் வண்டியே போய்விடும். ஆகவே கால் வைக்கும் இடத்தில் கண்ணுக்கு மோசமாகத் தெரிந்த தரைத்தகட்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் சேசிஸில் தொடங்கினேன்.

கழுவாமல் எதையும் மதிப்பிட முடியாது. வழக்கமான வாட்டர் வாஷில் சேசிஸின் வெளிப்புறம் மட்டுமே நனைகிறது. பெட்டி போல மூடிய அதன் உட்புறத்துக்குள் வடிகால் துளைகள் வழியாகக் குழாயைச் செருகி நீர் பாய்ச்சியபோது, மணலும் கறுப்புச் சேறும் துருச் செதில்களும் கலந்து நெடுநேரம் வழிந்தன. அந்தத் துளைகளில் சில முற்றிலும் அடைபட்டிருந்தன. கடற்காற்றின் உப்பு இந்தச் சேற்றில் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால், மழையே இல்லாத மாதங்களிலும் சேசிஸ் உள்ளிருந்து அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்த சேசிஸ்கூடத் திடீரென்று உட்காருவதற்கு இதுவே காரணம்.

நன்றாகக் காய்ந்த பின் சிறு சுத்தியலால் ஒவ்வொரு சாண் இடமும் தட்டிக்கொண்டே சென்றேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலித்துச் சுத்தியலைத் திருப்பித் தள்ளும். மெலிந்த இடத்தில் ஓசை மட்டுப்பட்டு, சுத்தியல் அங்கேயே படிந்துவிடும். ஓசை மாறிய இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, பழைய திருப்புளியால் அழுத்திக் குத்திப் பார்த்தேன். துருவின் நிறமும் பரப்பும் பெரிதும் ஏமாற்றக்கூடியவை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு உப்புவதால், பயங்கரமாகப் பொரிந்து நின்ற முன் குறுக்குச் சட்டத்தைச் சுரண்டியபோது அடியில் உறுதியான இரும்பு இருந்தது. அதற்கு மாறாக, கறுப்புப் பூச்சோடு மொழுமொழுவென்று இருந்த பின்பக்க ஷேக்கிள் தாங்கியின் (பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் பகுதியின்) அருகே திருப்புளி உள்ளே இறங்கிவிட்டது.

அந்தக் கறுப்புப் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்தவர் துருவின் மேலேயே தார் கலந்த அண்டர்பாடி கோட்டிங் அடிக்கச் செய்திருக்கிறார். புதிய, சுத்தமான இரும்பின் மேல் அது நல்ல காப்புத்தான். ஆனால் காலப்போக்கில் அது கெட்டிப்பட்டு வெடிக்கிறது. வெடிப்பில் புகுந்த உப்புநீர் வெளியேற வழியில்லாமல் அடியில் தங்கிவிடுகிறது. சுரண்டியால் ஓர் ஓரத்தை நெம்பியதும் உள்ளங்கை அகலத் துண்டுகளாக அது உரிந்து வந்தது. அதன் பின்புறம் ஈரம் காயாமல் இருந்தது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் புத்தம் புதிய கறுப்புப் பூச்சைக் கண்டால் மகிழாமல் சந்தேகப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஷேக்கிள் தாங்கியின் அருகே வெல்டிங் தவிர வேறு வழியில்லை. வேலைக்கு வந்த டிங்கர், “மேலேயே ஒரு தகடு வெச்சு அடிச்சிடலாம் சார், கெட்டியா நிக்கும்” என்றார். “வேண்டாம்ண்ணே, கெட்டுப்போனதை வெட்டி எடுத்துட்டே போடுவோம்” என்று கேட்டுக்கொண்டேன். மேலே தகடு வைத்தால் இரண்டுக்கும் நடுவே நீர் தங்கி அதே கதை மறுபடியும் தொடங்கும். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி, அதே கனத்தில், மூலைகளை வளைவாக்கிய தகட்டை முழு விளிம்பும் மிக் (MIG) வெல்டிங்கால், அதாவது வாயுக் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டும் முறையில், பற்றவைத்தோம். கூர்மூலையில் அழுத்தம் குவிந்து விரிசல் விடும். வெல்டிங்கைத் தொடங்கும் முன்பே பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் முழுவதுமாக இறக்கினோம். டேங்கை இறக்கியபோதுதான் பிரேக் பைப் ஒன்றின் மேற்புறத்தில் துரு குழி விழுந்திருந்தது தெரிந்தது, வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டிலிருந்து புதிய பைப் வாங்கி மாற்றியாயிற்று.

மற்ற இடங்களில் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிச் செதில்களை நீக்கினேன். சேசிஸில் பொறித்த எண் உள்ள இடத்தில் மட்டும் கிரைண்டரைக் கொண்டுபோகாமல், துணியாலும் மண்ணெண்ணெயாலும் துடைத்து, டேப் ஒட்டி மறைத்துவிட்டேன். 15 ஆண்டுகள் கடந்த வண்டிக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணைச் சரிபார்ப்பார்கள். அது தேய்ந்தால் துருவைவிடப் பெரிய தலைவலி.

குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவினேன். அது மெல்லிய துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். தடித்த செதிலை ஊடுருவாது. எஞ்சிய அமிலத்தைக் கழுவிக் காயவைக்காமல் எபாக்ஸி பிரைமர் அடித்தால் பிரைமர் சரியாக இறுகாது. துத்தநாகப் பிரைமர் நல்லது என்றாலும், அதிலுள்ள துத்தநாகம் வெற்று இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் வேலை செய்யும் என்பதால், அதைப் புதிதாகப் பற்றவைத்த தகட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

சென்னையில் பிரைமருக்கான நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே தனிக் கணக்கு. இரும்பின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். விடியற்காலையில் சேசிஸ் வியர்த்திருக்கும்; பிற்பகலில் கடற்காற்று உப்பை ஏற்றிக்கொண்டு வந்துவிடும். ஆகவே வெயில் ஏறிய பின், கடற்காற்று எழுவதற்கு முன் உள்ள சில மணி நேரத்தில்தான் அடித்தேன். ஒவ்வொரு பூச்சுக்கும் முன் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டேன். மேற்பூச்சு சாதாரணக் கறுப்புச் சேசிஸ் பெயின்ட்தான்.

சேசிஸின் உட்புறத்துக்கு நீண்ட நெகிழ்குழாய் வழியாக மெழுகுத் திரவத்தைத் தெளித்தேன். அது இறுகி வெடிக்காமல், சிறு கீறல்களுக்குள்ளும் ஊர்ந்து செல்லும். துளைகள் மெழுகால் அடைபடாதபடி மறுநாள் கம்பி விட்டுத் திறந்தேன். இனி தரைத்தகடும் பின் குறுக்குச் சட்டத்தின் இடது முனையும் பாக்கி. அந்த முனையில் ஓசை பாதி நன்றாகவும் பாதி மந்தமாகவும் இருப்பதால், பின் பம்பரைக் கழற்றிப் பார்த்த பிறகே வெட்டுவதா விடுவதா என்று முடிவு செய்யப்போகிறேன்.